ஆலயம் மூடியிருந்த நாட்கள்

சபை என்னும் சொல்லுக்குக் கூட்டம் என்பது பொருள். கூடுவதற்கே தடை வந்துவிட்டால் திருச்சபை எங்ஙனம் சபையாக இருத்தல் கூடும்? இக்கேள்வி 2020ஆம் ஆண்டில் நம் பெங்களூருத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் முன் வந்து நின்றது. மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. ஏப்ரல் 12இல் வந்த உயிர்ப்புப் பெருவிழாவின்போது ஆலயங்களில் மக்கள் இல்லை. ஜூன் 8ஆம் நாளுக்குப் பின்னரே வழிபாட்டிடங்கள் திறக்க அனுமதி கிட்டிற்று.

நம்மைப் போன்று ஊர் விட்டு ஊர் வந்தவர்க்கு ஆலயம் வழிபடும் இடம் மட்டுமன்று. சிவாஜிநகரின் புனித மரியன்னைப் பேராலயத்தின் தொடக்கமே செஞ்சிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களோடு இணைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடையே ஊழியம் செய்த அபே துப்வா என்னும் பிரெஞ்சுக் குருவானவர், மைசூர்ச் சீமையில் பெரியம்மைத் தடுப்புக்கும் பாடுபட்டவர். இப்போதுள்ள கட்டடம் 1882இல் நிறைவுற்றது. வாரத்தில் ஒரு நாளாவது தாய்மொழியில் வழிபட்டு, வேலை, வரன், ஊர்ச்செய்தி எல்லாம் பேசித் திரும்பும் முற்றத்தை நம்மவர் அங்கே கண்டனர். ஆகவே கதவு அடைபட்டபோது அவர்களுக்கு இழப்பு இரட்டிப்பாயிற்று.

கொள்ளைநோய் இந்நகருக்குப் புதிதன்று. 1898 ஆகஸ்டில் பிளேக் நோய் புகுந்து பல்லாயிரவரை ஊரைவிட்டு ஓடச் செய்தது. அந்நாளில் பிரிந்தவர் ஒருவரையொருவர் விசாரிக்க வழி அரிது. 2020இலோ கைப்பேசி இருந்தது. திருப்பலி வீட்டுத் திரையிலே வந்தது. அது பெரிய ஆறுதலே, மறுப்பதற்கில்லை.

எனினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். திரையில் நாம் குருவானவரைக் காண்கிறோம். அவரோ நம்மைக் காண்பதில்லை. ஆலயத்தில் வழக்கமாக மூன்றாம் வரிசையில் அமரும் பாட்டி ஒரு ஞாயிறு வராவிட்டால், அந்த வெற்றிடமே பக்கத்திலிருப்பவரை விசாரிக்க வைக்கும். திரைக்கு வெற்றிடம் தெரியாது. கைப்பேசியைக் கையாளத் தெரியாத முதியோரும், கூலி நின்றுபோன குடும்பத்தாரும் ஓசையின்றி மறைந்துபோக அதுவே வழியாகிவிடும்.

சிறையிலிருந்து எழுதிய பவுலடிகளார் கொலோசையர் நிருபத்தின் முடிவில் பலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். உறவு என்பது பெயர் சொல்லி விசாரிப்பதுதான். ஒரு பங்கின் குடும்பங்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து அன்பியம் என நடத்தும் முறையின் பயனும் இதுவே. ஆயிரம் குடும்பங்களை ஒரு குருவானவர் தேட முடியாது. இருபது முப்பது குடும்பங்களைத் தங்களுக்குள்ளேயே தேடிக்கொள்ள முடியும்.

2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் இத்தேவை மேலும் கடுமையாயிற்று. நோயுற்றோரை உறவினர் அருகிருந்து காண இயலவில்லை. இறுதிச் சடங்குகளும் சிலரோடு முடிந்தன. அக்காலத்தில் பெங்களூரு உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்த தன்னார்வலர் குழுவினர் இறந்தோரின் உடலைச் சுமந்து நல்லடக்கம் செய்யும் பணியில் இறங்கினர். வீட்டார் நிற்கவேண்டிய இடத்தில் அந்நியர் நின்றனர். திருச்சபை என்பது கட்டடம் அன்று என்று அவர்கள் நமக்குக் காட்டினர்.

இப்போது ஆலயக் கதவுகள் திறந்திருக்கின்றன. ஆனால் தனிமை ஒழிந்துவிட்டதா? பிள்ளைகளின் உத்தியோகத்தைப் பின்தொடர்ந்து வந்து, கன்னடமும் தெரியாமல், அடுக்குமாடி வீட்டில் பகல் முழுதும் பேச்சுத் துணையின்றி அமர்ந்திருக்கும் பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு ஊரடங்கு இன்னும் நீங்கவில்லை.

ஆதலின் வாசக நேயர்களை நாம் கேட்டுக்கொள்வது சிறிய காரியமே. உங்கள் தெருவில் தனித்திருக்கும் தமிழ்க் குடும்பத்தார் இருவரின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எம்மதத்தினராயினும் சரி. வாரம் ஒருமுறை அவர்களை அழைத்து, சாப்பாடு ஆயிற்றா, மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். இயலுமாயின் நேரிலேயே சென்று வாருங்கள்.