கம்பெனி போயிருச்சு... காரு போகலை! ஃபோர்டு பிரியர்களின் பிடிவாதக் கதை

"இன்னுமா இந்த வண்டியை வெச்சிருக்கீங்க? ஸ்பேர் கிடைக்குதா சார்?"

தமிழ்நாட்டில் ஃபோர்டு கார் வைத்திருக்கும் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்ததில்லை. பெட்ரோல் பங்க், கல்யாண மண்டப பார்க்கிங், அபார்ட்மென்ட் வாசல், ஊரிலிருந்து வரும் சித்தப்பா... கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்ததிலிருந்து இதே கதைதான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். ஜி.எஸ்.டி சாலையில் கூடுவாஞ்சேரியைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு முன்னால் வரும் மறைமலை நகரில்தான் அந்தக் கார்கள் பிறந்தன. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் இன்று ஒரு பழைய ஃபோர்டு ஐகான் ஓடினால், அது வேற்றூர் வண்டி அல்ல. சொந்த ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வண்டி.

கடையைக் கட்டிக்கொண்டு போன கம்பெனியின் காரை விற்காமல் வைத்திருப்பதோடு நிற்பதில்லை சிலர். செகண்ட் ஹேண்டில் இன்னொன்றையும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஏன்?

இந்தப் பிடிவாதத்துக்கு அமெரிக்காவில் ஓர் அண்ணன் இருக்கிறார். நம் ஊரில் பிக்கப் வண்டி என்றால் காய்கறியும் சிமென்ட் மூட்டையும் ஏற்றும் பொலேரோ பிக்கப்போ, 'குட்டியானை'யோதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே அது குடும்ப வண்டி. 1925-ல் 'மாடல் டி' காரின் பின்பக்கத்தில் ஒரு சரக்குப் பெட்டியைப் பொருத்தி, 281 டாலருக்கு ஃபோர்டு விற்றது. கம்பெனியே பிக்கப்பாகத் தயாரித்துக் கொடுத்த அதன் முதல் வண்டி அது. 1948-ல் 'எஃப் சீரிஸ்' வந்தது. ஃபோர்டு பக்கம் ஒரு கூட்டம், செவர்லே பக்கம் ஒரு கூட்டம் என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது. நம் ஊர் எம்.ஜி.ஆர் – சிவாஜி சண்டைக்குக் கொஞ்சமும் குறையாத சண்டை. இன்றும் 1950-களின் பிக்கப்பைத் தூசு தட்டி ஓட்டுபவர்களில் பலர், "அப்பாகிட்ட இதே கம்பெனி வண்டிதான் இருந்துச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பெற்றோர் எந்த கம்பெனி கார் வைத்திருந்தார்களோ அதையே பிள்ளைகளும் வாங்கும் வாய்ப்பு அதிகம் என்பதை அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் புள்ளிவிவரத்தோடு எழுதியிருக்கிறார்கள்.

பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிக்கப்காரர்களிடம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கம்பெனியின் இன்ஜினைப் பத்து வருடம் கழற்றி மாட்டியவருக்கு அதன் ஒவ்வொரு போல்ட்டும் அத்துப்படி. எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம், எந்த வருட மாடலின் பாகம் எந்த வருட மாடலில் உட்காரும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஷெட்டில் அதற்கென்றே வாங்கிய டூல்ஸ், மூலையில் நாலு உதிரி பாகம். இன்னொரு கம்பெனிக்கு மாறினால் இத்தனையையும் முதலிலிருந்து கற்க வேண்டும். கையில் ஏறிய தொழிலை யார் தூக்கிப் போடுவார்?

பிக்கப்புக்கும் மறைமலை நகருக்கும் நேரடி உறவும் உண்டு. மலை போல வந்து நிற்கும் எண்டெவர் இருக்கிறதே, அது உண்மையில் 'ரேஞ்சர்' என்ற ஃபோர்டு பிக்கப்பின் உடன்பிறப்பு. பிக்கப்பின் அதே ஏணி வடிவ சேஸிஸ் மேல், சரக்குப் பெட்டிக்குப் பதில் சீட்டுகளும் கூரையும் வைத்தால் எண்டெவர். 2003-ல் இந்தியாவுக்கு வந்தது. பிற்காலத்தில் வந்த 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல் இன்ஜினுக்கு இன்றும் தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. அந்த இன்ஜினின் உறுமலைப் பற்றி அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். அரை நாள் போய்விடும்.

மறைமலை நகரின் கதை 1995-ல் தொடங்கியது. ஃபோர்டும் மஹிந்திராவும் சரிபாதிப் பங்கு போட்டு ஆரம்பித்தன. 1996-ல் எஸ்கார்ட். 1998-ல் ஃபோர்டு பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. 1999-ல் ஐகான் வந்தது. இந்தியாவை மனதில் வைத்தே உருவாக்கிய கார் அது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் காலத்து கார்கள் பலவும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் யோசித்துவிட்டுக் கிளம்பும். ஐகானின் 1.6 லிட்டர் ரோகாம் இன்ஜின் யோசிக்காது. இருபது வயதுகளில் அதை ஓட்டியவர்களுக்கு இன்று ஐம்பது நெருங்குகிறது. முதல் காதல் மாதிரிதான், மைலேஜ் கணக்கெல்லாம் அப்போது கண்ணில் பட்டதே இல்லை. (உண்மையில் ஐகான் பெட்ரோலை நன்றாகவே குடிக்கும்.)

2005-ல் ஃபியஸ்டா, 2010-ல் ஃபிகோ, 2013-ல் எக்கோஸ்போர்ட் என்று வரிசையாக வந்தன. 3.49 லட்ச ரூபாய் ஆரம்ப விலையில் வந்த ஃபிகோதான் பல வீடுகளில் முதல் கார். பைக்கில் நான்கு பேராகத் திருத்தணிக்கோ மேல்மருவத்தூருக்கோ போய்வந்த குடும்பம் முதன்முதலாகக் கதவைச் சாத்திக்கொண்டு, ஏசி போட்டு, மாமல்லபுரம் கடற்கரைக்குப் போன வண்டி.

ஃபோர்டு வைத்திருப்பவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் வார்த்தை 'ஸ்டீயரிங்'. ஃபியஸ்டாவில் இருந்தது ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். இன்றைய கார்களில் எலெக்ட்ரிக் மோட்டார் உதவி செய்கிறது. ஒரு விரலில் திருப்பிவிடலாம். ஆனால் டயருக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அவ்வளவாகக் கைக்கு வராது. ஹைட்ராலிக்கில் கொஞ்சம் கனம் இருக்கும், அந்தக் கனத்திலேயே சாலையின் செய்தியும் இருக்கும். ஈ.சி.ஆரில் கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும் இடங்களில் வண்டி அலையாமல் போகும்போது அந்த நம்பிக்கை உள்ளங்கையில் தெரியும் என்பார்கள். இரண்டாவதாகக் கதவு. அதைச் சாத்தும்போது வரும் 'டப்' என்ற கனத்த சத்தம். சத்தத்தை வைத்து ஒரு காரின் பாதுகாப்பை அளந்துவிட முடியாது என்பது வேறு விஷயம். வீட்டில் அதைச் சொல்லிப் பாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்படியானால் அந்த ஸ்பேர் கேள்விக்கு என்ன பதில்?

ஒரு கார் கம்பெனி தன் காரில் உள்ள எல்லா பாகங்களையும் தானே செய்வதில்லை. பிரேக் பேட், கிளட்ச், ஃபில்ட்டர், பேரிங் போன்றவற்றைப் பெரும்பாலும் வெளி நிறுவனங்கள்தான் செய்து தருகின்றன. கார் நின்றாலும் அந்த நிறுவனங்கள் நிற்பதில்லை. ஆகவே, அடிக்கடி தேய்கிற பாகங்களுக்குப் பெரிய கவலை இல்லை. உதிரி பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்று 2021-லேயே சொன்ன ஃபோர்டு, பாகங்களுக்கான கிடங்குகள் இருக்கும் ஊர்களில் சென்னையையும் சேர்த்திருந்தது. சிக்கல் வருவது வேறு இடத்தில். ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, எலெக்ட்ரானிக் பெட்டிகள் எல்லாம் அந்த மாடலுக்கென்றே செய்தவை. ஒரு சின்ன ஆக்ஸிடென்ட் போதும், வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அப்போது கைகொடுப்பது சென்னை புதுப்பேட்டை. பிரித்துப்போட்ட கார்களின் கதவும் விளக்கும் டேஷ்போர்டும் குவிந்துகிடக்கும் அந்தச் சந்துகளில், தன் காரின் நிறத்திலேயே ஒரு கதவு கிடைத்துவிட்டால் அது லாட்டரி.

பாகம் கிடைத்தால் போதாது, மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும். ஷோரூம் ஒர்க்‌ஷாப்பில் வருடக்கணக்கில் ஃபோர்டு மட்டுமே பார்த்த மெக்கானிக், வெளியே வந்து சொந்தமாக கராஜ் வைத்தால், அவரைத் தேடிப் பத்து, முப்பது கிலோமீட்டர் போகத் தயாராக இருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால், பலரும் விசுவாசமாக இருப்பது நீல நிற லோகோவுக்கு அல்ல. "அண்ணே, வண்டியை விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும் அந்த ஒரு மனிதருக்கு. அவர் தொழிலை விட்டுவிட்டால், காரை விற்பதைப் பற்றி அன்றைக்குத்தான் யோசனையே வரும்.

இதே ஜி.எஸ்.டி சாலையில் பரனூர் பக்கம் போனால் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. மஹிந்திராவின் புது வண்டிகளை வடிவமைக்கும் ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. பழைய மஹிந்திரா ஜீப் பிரியர்களுக்கு ஃபோர்டுகாரர்களின் இந்தத் தலைவலி குறைவு. வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டிக் கொடுப்பதில் தொடங்கிய கம்பெனி, பல பத்தாண்டுகள் கிட்டத்தட்ட அதே வடிவத்தில் வண்டி செய்தது. ஆகவே, பாகங்கள் ஊர் ஊராகக் கிடைக்கின்றன. புல்லட் பைக் கதையும் அதேதான். ஃபோர்டோ சில வருடங்களுக்கு ஒருமுறை மாடலை மாற்றியது. பழைய ஃபோர்டைக் காப்பாற்றுவது ஜீப்பைக் காப்பாற்றுவதைவிடக் கஷ்டம். அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

இதை வெறும் காதல் கதையாகவே பார்த்துவிடவும் கூடாது. கம்பெனி போகும் செய்தி வந்ததும் ரீசேல் மதிப்பு அடிவாங்கியது. லோனில் புது எக்கோஸ்போர்ட் எடுத்து ஆறு மாதம்கூட ஆகாதவர்களும் இருந்தார்கள். விற்றால் நஷ்டம், அதனால் வைத்துக்கொண்டவர்களும் 'விசுவாசிகள்' கணக்கில்தான் சேர்கிறார்கள். மறுபக்கம், அதே விலைச் சரிவால்தான் ஒரு காலத்தில் எட்டாக்கனியாக இருந்த எண்டெவர் சிலருக்கு செகண்ட் ஹேண்டில் எட்டியது. ஒருவரின் நஷ்டம் இன்னொருவரின் ஆசை.

காரைவிடப் பெரிய நஷ்டம் அடைந்தவர்கள் தொழிலாளர்கள். பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனி சொன்னது. சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. மஹிந்திராவோடு மீண்டும் கைகோக்க 2019-ல் போட்ட திட்டம் 2020-ன் கடைசி நாளில் கைவிடப்பட்டிருந்தது; அது நடந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். சரியான இழப்பீடு கேட்டு 2022-ல் மறைமலை நகரில் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் லைனை விட்டு இறங்கியது. பிக்கப்பைக் கொண்டாடும் அமெரிக்காவில் 2018 முதல் விற்ற எக்கோஸ்போர்ட் நம் மறைமலை நகர் கார்தான் என்பது அங்கே வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? சேஸிஸ் நம்பர் 'எம்.ஏ.ஜே' என்று தொடங்கினால் நம்மூர்ப் பிள்ளை. அந்த காரின் கதவைப் பொருத்திய கைகள் இன்று வேறு தொழிற்சாலைகளிலும், சொந்தத் தொழிலிலும், சிலருடையது எதிலும் நிலைக்காமலும் இருக்கின்றன.

இன்னொன்று. ஃபோர்டு இந்தியாவை விட்டுப் போனது அதுதான் முதல் முறை என்று நினைத்துவிட வேண்டாம். 1926-லேயே இங்கே கம்பெனி ஆரம்பித்து, 1950-களின் நடுவில் கிளம்பிப்போன வரலாறு அதற்கு உண்டு. வெறுமனே பாகங்களை இறக்குமதி செய்து பூட்டிக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு அன்றைய அரசு கதவைச் சாத்திய காலம் அது. இரண்டு முறை போன கம்பெனியிடம் இத்தனை பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனியின் பக்கமிருந்து அதே அளவு விசுவாசம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது மூன்றாவது வருகைக்கு வாசலைக் கூட்டுகிறார்கள். பூட்டிய ஆலையை ஏற்றுமதிக்காகத் திறக்க விருப்பம் தெரிவித்து 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது ஃபோர்டு. 2025 அக்டோபர் 31 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின்கள், 600-க்கும் மேற்பட்ட வேலைகள், 2029-ல் உற்பத்தி என்பது அறிவிப்பு. செய்தி வந்த அன்று ஃபோர்டு ஓனர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் எத்தனை பட்டாசு ஸ்டிக்கர் பறந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அறிவிப்பில் இருப்பது இன்ஜின், கார் அல்ல. மறைமலை நகரில் ஷிஃப்ட் பஸ்கள் திரும்ப வரலாம். ஷோரூமில் புது எண்டெவர் வந்து நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் இருக்கிற வண்டியைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்து 15 வருடம் ஆன கார் என்றால் எஃப்.சி காட்டி, கிரீன் டாக்ஸ் கட்டி, ஐந்து ஐந்து வருடமாக ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டினால்தான் 'வின்டேஜ்' என்ற பட்டமும், 'வி.ஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனி நம்பர் பிளேட்டும் கிடைக்கும். மறைமலை நகரில் பிறந்த முதல் ஐகானுக்கு அந்த வயது வருவது 2049-ல். அந்த பிளேட் மாட்டிய காரை தினசரி ஓட்டவும் கூடாது. ஆக, நம்ம ஐகான்காரர் அதை விண்ணப்பிப்பாரா என்பதே சந்தேகம்தான்.