தசரா கூட்டமும் சரண் விடுப்பும்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடமிட்டு வரும் லட்சக்கணக்கானோரை ஏற்றி இறக்குவது அரசுப் பஸ்தான். மின்கம்பத்தில் ஏறுவதும், விடிய விடியக் குப்பை அள்ளுவதும், மருத்துவ முகாமில் கண்விழிப்பதும் அரசுச் சம்பளமோ ஒப்பந்தக் கூலியோ வாங்குகிறவர்கள். நிதி நெருக்கடி என்றதும் முதல் வெட்டு இவர்கள் மேல்தான் விழும். 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா அரசு வீட்டுக்கு அனுப்பியது. வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையே கிடையாது என்றது, அதை எதிர்த்த டி.கே.ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம். ‘நல்லா வேணும்’ என்று டீக்கடையில் பேசியவர்களும் உண்டு. பட்டா மாறுதலுக்கு அலையாய் அலைந்த கோபம் அது. அந்தக் கோபத்துக்கு ஊழியர் சங்கங்கள் இன்றுவரை நேராகப் பதில் சொல்லவில்லை. அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ பழைய ஓய்வூதியத்துக்கும், எடுக்காத விடுப்பைப் பணமாக்கும், 2020-ல் நிறுத்தப்பட்ட சரண் விடுப்புக்கும் போராடியது நியாயம். சரண் விடுப்பு 2025 அக்டோபரில் திரும்பியும் வந்தது. ஆனால் செவிலியர் போதாத வார்டும் நிரப்பாத ஆசிரியர் பணியிடமும் மேடைப் பேச்சில் பின்வரிசையில்தான் நிற்கின்றன. அவற்றை முன்னால் கொண்டுவந்தால், தசரா முடிந்து உடன்குடி பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்கிறவரும் ஊர்வலத்தில் சேர்ந்துகொள்வார்.