பெயர் பொறித்த சரக்கு

பெங்களூருக்கு வடக்கே தொண்டேபாவியில் 1945 செப்டம்பரில் நடந்த ஒரு பயிற்சியின்போது, ஏவிய எறிகுண்டு தூரம் போகாமல் சிப்பாய்களுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. விலகி ஓடச் சொல்லிக் கத்திக்கொண்டே நாயக் கிர்பா ராம் பாய்ந்து அதைக் கையில் எடுத்தார். வீசுவதற்குள் வெடித்துவிட்டது. இன்றைய இமாசலப் பிரதேசத்தில் இருந்த அவருடைய இளம் மனைவிக்கு, பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அது வீட்டிலிருந்து திருட்டுப் போய், 2009இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. ஏலம் நிறுத்தப்பட்டது, ஆனாலும் பதக்கம் அந்த மூதாட்டியின் கைக்குத் திரும்ப வருடக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது.

ஜார்ஜ் கிராஸின் பின்புறத்தில் பெற்றவரின் பெயரைப் பொறித்திருப்பார்கள். உரியவர் யார் என்று தானே சொல்லும் பொருள் அது. கை மாற்றிக்கொண்டே போனவர்களில் ஒருவராவது அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம்.

ரத்தம் சிந்தி வாங்கியதை விற்பதா என்று கொதிப்பவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நமக்குப் பங்கில்லை. பதக்கத்தை வைத்து உலை வைக்க முடியாது. போர்க்கள வீரத்துக்கான விக்டோரியா கிராஸ் வாங்கிய சாதாரணச் சிப்பாய்க்கே பிரிட்டன் நெடுங்காலம் ஆண்டுக்கு 10 பவுண்டுதான் கொடுத்துவந்தது. வயிற்றுப்பாட்டுக்காக விற்ற குடும்பத்தைப் பார்த்து யாரும் விரல் நீட்ட வேண்டாம். வாங்குகிற எல்லோரும் பேராசைக்காரர்களும் இல்லை: கலிப்போலியில் போரிட்ட ஆல்ஃபிரட் ஷவுட்டின் விக்டோரியா கிராஸை 2006இல் பெரும் விலைக்கு வாங்கிய தொழிலதிபர் கெர்ரி ஸ்டோக்ஸ், அதை அப்படியே ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

உறுத்துவது வேறொன்று. முதல் உலகப் போருக்காக பிரிட்டன் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளிப் பதக்கங்களை வழங்கியது. மண் வெட்டவும் மூட்டை தூக்கவும் போன இந்திய, சீன உள்ளிட்ட தொழிலாளர் படையினருக்கு மட்டும் அதே அச்சில் வெண்கலம். மொத்தம் ஏறத்தாழ 1,10,000. கூலிக்கு வந்தவனுக்கு வெள்ளி எதற்கு என்ற கணக்கு. 1980இல் வெள்ளி விலை எகிறியபோது வெள்ளிப் பதக்கங்கள் ஏராளமாக உருக்குலைக்குப் போயின. இன்று சந்தையில் கிராக்கி வெண்கலத்துக்கு! அன்றைக்குத் தரம் குறைத்துக் கொடுத்ததையே இன்றைக்கு அபூர்வம் என்று விலை ஏற்றி விற்கிறார்கள். அந்தக் கூலியின் பேரனுக்கு அதில் காலணா கிடையாது. தாத்தாவின் பதக்கம் விலைக்கு வந்திருப்பதே அவனுக்குத் தெரியாது.

அந்தப் பதக்கங்களின் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். பெயர்பெற்ற படைப்பிரிவு என்றால் விலை கூடும் என்பதால் விளிம்பை அரத்தால் தேய்த்து வேறு பெயர் அடிக்கும் புரட்டும் இந்தத் தொழிலில் உண்டு. ஒருவருக்குக் கிடைத்த மூன்று பதக்கங்களைப் பிரித்து மூன்று பேருக்கு விற்பதும் சகஜம். செத்தவர் எழுந்து வந்து கேட்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

சட்டத்தை நம்பியும் பயனில்லை. அமெரிக்காவில் உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரை விற்றால் குற்றம். போரில் காயம்பட்டவர்களுக்கும் மடிந்தவர்களுக்கும் தரும் பர்ப்பிள் ஹார்ட்டைத் தாராளமாக விற்கலாம். நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு ஆகாத பதக்கத்தைத் திரும்பியும் பார்க்காது. கிர்பா ராமின் பதக்கம் அந்த இடுக்கில்தான் நழுவியது.

நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பல மாவட்டங்களில் இருக்கிறது. பட்டாளத்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பதக்கங்களை, விளிம்பெழுத்து தெரியும்படி படமெடுத்து அங்கே பதிந்துகொள்ள வழி செய்யட்டும். ஏலம் விடுபவர்கள் அந்தப் பதிவைப் பார்த்த பிறகே பட்டியல் போடட்டும். விளிம்பைத் தேய்த்த பதக்கத்தை விற்பனைக்கே ஏற்கக் கூடாது.