கல்லும் சொல்லும் ஒரே வகுப்பில்

ஏற்காடு என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது குளிர்ந்த காற்றும், ஏரியில் படகு சவாரியும், காப்பித் தோட்டமும்தான். சேலத்து வெயிலில் வாடியவர்கள் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய், இரண்டு நாள் தங்கி, மிளகும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது பள்ளிக்கூடங்களின் மலை. 1894-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டும், 1917-ல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளியும் தூரத்துப் பிள்ளைகளையெல்லாம் அங்கே இழுத்து வந்தன. அதே மலையில் சர்க்கார் பள்ளிகளும், மலைவாழ் மக்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளும் நடக்கின்றன.

இத்தனை பள்ளிகள் உள்ள மலையிலே நின்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனோ பெண்ணோ சரித்திரத்தையும் இலக்கியத்தையும் எப்படிப் படிக்க வேண்டும்? தமிழ் ஐயா ஒரு பீரியட் வந்து போகிறார், மணி அடிக்கிறது, பிறகு சமூக அறிவியல் ஆசிரியர் வருகிறார். அவர் சொன்னது இவருக்குத் தெரியாது. இவர் சொல்லப்போவது அவருக்குத் தெரியாது. இப்படியே இருந்துவிட வேண்டியதுதானா? இரண்டையும் சேர்த்து ஒரு பாடத்திட்டம் வகுக்க முடியாதா? முடியும் என்பது நம் அபிப்பிராயம். அதற்குச் சேர்வராயன் மலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

ஒரு மன்னன், இரண்டு பீரியட்

சேர்வராயன் மலைக்கு வடக்கே இருப்பது தருமபுரி. பழைய தகடூர் அதுதான். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். தெற்கே இருப்பது கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலை. கடையெழு வள்ளல்களில் இருவருக்கு நடுவிலே உட்கார்ந்திருக்கிறது ஏற்காடு.

தமிழ் பீரியடில் மாணவன் என்ன படிக்கிறான்? கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தவன் அதியமான் என்று படிக்கிறான். அடுத்த பீரியட் சரித்திரம். அசோகச் சக்கரவர்த்தி தம் சாசனத்தில், தம் எல்லைக்கு அப்பால் தெற்கே இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என்று சொல்கிறார் எனப் படிக்கிறான். மற்ற மூவரும் யார் என்று தெரிகிறது. சதியபுத்திரர் யார்? அறிஞர்கள் வெகு காலம் இதைப் பற்றி வாதாடினார்கள்.

1981-ல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பை என்ற கிராமத்தில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது என்பது அதன் கருத்து. ஒரே வரிதான். ஆனால் சரித்திரப் புத்தகத்துச் சதியபுத்திரரும் தமிழ்ப் புத்தகத்து வள்ளலும் ஒரே குலம் என்று அந்த வரி காட்டிவிட்டது. இதன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்று எழுத்தமைதியைக் கொண்டு ஐராவதம் மகாதேவன் கணித்தார். அசோகர் காலத்துக்கும் இதற்கும் இடையே சில நூற்றாண்டுகள். ஆகவே சதியபுத்திரர் என்பது ஒரு மனிதனின் பெயராக இராமல், வம்சத்தின் பெயராக இருக்க வேண்டும் என்பதையும் மாணவனே ஊகித்துவிடலாம்.

இங்கே ஒரு கெட்டிக்காரப் பெண் எழுந்து, "தகடூர் மன்னன் பெயர் அத்தனை தூரம் தள்ளித் திருக்கோவிலூர்ப் பக்கம் எப்படிப் போயிற்று?" என்று கேட்கக்கூடும். பதில் மறுபடியும் தமிழ்ப் பக்கத்தில் இருக்கிறது. அதியமான் கோவலூரை வென்றதையும், அந்த வெற்றியைப் பரணர் பாடியதையும் புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். கோவலூர் என்பது திருக்கோவிலூர். கல் எழுப்பிய கேள்விக்குப் பாட்டு பதில் சொல்கிறது. பாட்டு சொன்னதற்குக் கல் சாட்சி நிற்கிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில் நின்றால்தான் இந்த ஆனந்தம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

சேர்ப்பதில் உள்ள ஆபத்து

சேர்த்துப் படிப்பதென்றால் இரண்டையும் குழைத்துவிடுவது என்று அர்த்தமில்லை. ஜம்பைக் கல்லில் நெல்லிக்கனியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதியமான் என்ற அரசன் இருந்தான் என்பது சரித்திரம். அவன் கனி கொடுத்தான் என்பது புலவர் வாக்கு. புலவர் வாக்கைப் பொய் என்று தள்ளுவதும் தவறு. கல்வெட்டுக்குச் சமமாக வைப்பதும் தவறு. "ஒரு புலவர் தம் அரசனை இப்படிப் புகழ்ந்தால், அந்தக் காலத்து ஜனங்கள் எந்தக் குணத்தை உயர்வாக நினைத்தார்கள்?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பாட்டைவிட நல்ல சாட்சி இல்லை.

ஔவையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானைப் பாடிய ஔவை வேறு. ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். ஆனால் 1953-ல் ஜெமினியின் ஔவையார் படத்தில் கே.பி. சுந்தராம்பாளைக் கண்ட தமிழ் நாடு ஒரே ஔவையைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டது. கதைக்கு அது அழகு. கால வரிசைக்கு அது சங்கடம். அழகையும் ரசித்து, காலத்தையும் பிரித்தறியும் பிள்ளைதான் நமக்கு வேண்டும். நாளைக்கு எவராவது ஒரு பழைய பாட்டைக் காட்டி, "பார், இதுவே அத்தாட்சி!" என்று மேடையில் முழங்கினால், மயங்காமல் உட்கார்ந்து யோசிப்பவன் அவனே.

ஒரு வருஷத் திட்டம்

ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஏற்காட்டுப் பள்ளி ஒன்று வருஷத்தை மூன்றாகப் பிரித்து, இப்படித் திட்டமிடலாம்.

காலாண்டுத் தேர்வு வரையில், அந்த மலையிலேயே வாழ்ந்த இருவரிடமிருந்து தொடங்கலாம். ஒருவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். சென்னையில் தினவர்த்தமானி பத்திரிகையை நடத்தியவர். 1874-ல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டவர். 1882-ல் ஏற்காட்டில் காலமானார். மற்றவர் அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழமையானவன் என்பதை உலகுக்குக் காட்டியவர். ஓய்வு பெற்ற பின் ஏற்காட்டில் குடியேறினார். 1912-ல் கல்கத்தாவில் இறந்தாலும், அவருடைய அஸ்தி ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டது.

மாமனார் சொல்லைப் பொறுக்கினார். மருமகன் கல்லைப் பொறுக்கினார். ஒரே குடும்பத்தில் இரண்டு பாடமும் இருந்திருக்கின்றன! பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழமொழி கொண்டுவரட்டும். அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? மண்ணில் புதைந்த கல்லுக்கு அது கிடந்த மண் அடுக்கு வயது சொல்லும். பழமொழிக்கு அடுக்கு ஏது? ஆனால் ரயிலோ காப்பியோ வரும் சொலவடை, அவை இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னே பிறந்திருக்க முடியாது அல்லவா? இந்தச் சிறு பயிற்சியில் சரித்திர ஆராய்ச்சியின் முதல் படியில் பிள்ளை கால் வைத்துவிடுகிறான். அதன் பின் தகடூரும் ஜம்பையும் வரட்டும்.

அரையாண்டு வரையில், மலை ஜனங்களின் கதை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகளுக்கும் கேரளத்து மலையாளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

இதை எப்படிப் படிப்பது? முதலில் கதையாகவே கேட்க வேண்டும். யார் சொல்கிறார், எங்கே நிறுத்துகிறார், எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று கவனிப்பது இலக்கியப் பயிற்சி. பிறகு, மூன்று மலைகளிலும் இதே கதை சொல்கிறார்களா, மாற்றிச் சொல்கிறார்களா, துரைமார் எழுதிவைத்ததற்கும் பாட்டி சொல்வதற்கும் என்ன பேதம் என்று ஒப்பிடுவது சரித்திரப் பயிற்சி. ஒரு ஜாக்கிரதை மட்டும் வேண்டும். மலைவாசிகளைக் காட்சிப் பொருளாக நினைத்து, நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் வாசலில் போய் நிற்கக் கூடாது. மலைப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பாட்டனாரிடம் கேட்டு எழுதி வரட்டும். விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கதையை எழுதி வரட்டும். இருவரும் சந்தித்துக் கைமாற்றிக்கொள்ளட்டும். அது விருந்துக்குப் பதில் விருந்து போல மரியாதையாக இருக்கும்.

வருஷக் கடைசியில், காப்பி. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கம்பெனியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி கட்டிய முறையிலிருந்துதான் ரயத்துவாரி பிறந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காடு தோட்டமாயிற்று. இது சரித்திரம். காப்பி வந்தபோது தமிழர் வீட்டில் என்ன சண்டை நடந்தது, யார் குடித்தார்கள், யார் திட்டினார்கள் என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் படிக்கலாம். தோட்டத்தில் உழைத்தவர் பட்ட பாட்டை அறிய, டாக்டர் பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்த நாவலிலிருந்து சில அத்தியாயங்களைப் படிக்கலாம். ஆனால் அது ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தின் கதை. ஏற்காட்டிலும் அப்படியே நடந்தது என்று சொல்லிவிடக் கூடாது. "நம் மலையைப் பற்றி அப்படிச் சொல்ல என்ன ஆதாரம் வேண்டும்?" என்ற கேள்வியோடு வருஷத்தை முடிக்கலாம். பதில் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை; கேள்வி சரியாக இருந்தால் போதும்.

பரீட்சை என்ன ஆவது?

"இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு யார் பதில் சொல்வது?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஒன்பதாம் வகுப்பைச் சொல்கிறோம். அங்கே பொதுத் தேர்வு இல்லை. 2025-ல் வெளியான தமிழக மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வையும் எடுத்துவிட்டது. மூச்சு விட இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 1930-களில் முப்பது பள்ளிகளுக்குப் பாடத்திட்டத்தை மாற்றிக்கொள்ளச் சுதந்திரம் கொடுத்தார்கள். அவற்றில் பல, இலக்கியத்தையும் சமூக பாடத்தையும் ஒன்றாக இணைத்தன. அந்தப் பள்ளிகளிலிருந்து கல்லூரிக்குப் போன 1,475 மாணவர்களை, பழைய முறையில் படித்த அதே தரத்து மாணவர்களோடு ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள். புது முறையில் படித்தவர்கள் பின்தங்கவில்லை. சிறிது மேலாகவே இருந்தார்கள்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதன்று. 1952-53-ல் டாக்டர் லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த கமிஷன் சரித்திரம், பூகோளம், குடிமை ஆகியவற்றை ஒரே பாடமாக்கச் சொன்னது. இலக்கியம் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. அதையும் உள்ளே அழைக்கும் வேலைதான் பாக்கி. 2018-ல் வந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் ஒரு வழி காட்டியிருக்கிறது. ஏறு தழுவுதல் பாடத்தில் கலித்தொகையும் சேலம் வட்டாரத்து நடுகல்லும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. புத்தகம் சேர்த்துவிட்டது, கால அட்டவணைதான் இன்னும் பிரித்து வைத்திருக்கிறது.

ஆசிரியர்களுக்குச் சுமை கூடும் என்பதை மறுக்க முடியாது. அதைத் தலைமை ஆசிரியர் மனம் வைத்தால் குறைக்கலாம். தமிழாசிரியருக்கும் சரித்திர ஆசிரியருக்கும் வாரத்தில் ஒரு பீரியட் ஒரே நேரத்தில் ஓய்வு கொடுத்தால், உட்கார்ந்து பேசித் திட்டமிடுவார்கள். மதிப்பெண்ணைப் பாதிப் பாதியாகப் பங்கிடலாம்: எழுதிய தமிழின் தெளிவுக்குப் பாதி, காட்டிய ஆதாரத்தின் உறுதிக்குப் பாதி.

இதற்குப் பெரிய நிதியோ புதிய கட்டிடமோ வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியர்கள், ஒரு வகுப்பறை, வாரம் இரண்டு பீரியட் போதும். மலையிலே பிறந்த பெண் ஒருத்தி, தன் பாட்டி சொன்ன கதையும் படிப்புக்கு உரியதுதான் என்று உணர வேண்டும். அந்தக் கதையையும் கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டும் என்றும் உணர வேண்டும். அடுத்த ஜூன் மாதத்தில் ஒரே ஒரு பள்ளி இதைத் தொடங்கட்டும். ஏற்காட்டிலே தொடங்கினால் இன்னும் விசேஷம்.