வெயில் வீதியில் பனிநாட்டு ரயர்

இலங்கையில் ஓடும் கார்களிலும் வான்களிலும் பெரும்பகுதி, யப்பானியர் சில ஆண்டுகள் பாவித்துவிட்டு விற்றவை என்பது யாவரும் அறிந்ததே. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து, கார் வாங்குவோர் பேச்சும் ஊரிற் சூடு பிடித்திருக்கின்றது. எத்தனை கிலோமீற்றர் ஓடியது, குளிரூட்டி ஒழுங்காக இயங்குகின்றதா, இருக்கை கிழிந்திருக்கின்றதா என்றெல்லாம் துருவித் துருவி ஆராய்கின்றோம். நான்கு சக்கரங்களிலும் பூட்டியிருப்பது என்ன ரயர் என்று குனிந்து பார்ப்போர் மிகச் சிலரே.

குனிந்து பார்ப்பவரும் ஆழமான வெட்டுகளைக் கண்டு மகிழ்ந்து நிமிர்ந்துவிடுகின்றனர். காத்தான்குடிப் பிரதான வீதியில், நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் பகுதிக்கு அப்பால், வாகனங்களிலிருந்து கழற்றிய ரயர்களை அடுக்கி வைத்திருந்த கடையொன்றில் நாம் ஒரு நாள் நின்றோம். “காக்கா, இது என்ன ரயர்?” என்று வினவினோம். “யப்பான் சாமான் சேர்! வெட்டு எவ்வளவு ஆழம் எண்டு பாருங்க. மழைக்கு நல்லாப் பிடிக்கும்” என்றார் கடைக்காரர். அவர் பொய்யுரைத்தவரல்லர், தாம் நம்பியதையே சொன்னார். ஆனால் அந்த ரயரின் பக்கச் சுவரில் ஆங்கில எழுத்துகளில் ‘ஸ்ரட்லெஸ்’ என்று பொறித்திருந்தது. வெண்பனியும் உறைந்த நீரும் மூடிய வீதிக்கென்றே செய்யப்பட்ட குளிர்கால ரயர் அது.

அது எவ்வாறு இங்கு வந்து சேர்ந்தது என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. யப்பானின் வடபகுதியாகிய ஹொக்கைடோவிலும், அதன் தெற்கேயுள்ள மாவட்டங்களிலும், முற்காலத்திற் பனிக்காலம் வந்தால் இரும்பாணி பதித்த ரயர்களைப் பூட்டி ஓடினர். பனி கிடக்கும்வரை ஆணி நன்மை செய்தது. பனி கரைந்த பின் அதே ஆணி தார் வீதியைச் சுரண்டியது. சுரண்டிய தூள் காற்றிற் கலந்து மக்களின் மூச்சுக்குள் புகுந்தது. செந்தாய் முதலிய நகரங்கள் 1980களில் இத்தூசியாற் பெரிதும் இன்னலுற்றன; ஈற்றில் 1990ஆம் ஆண்டு ஆணி ரயரைத் தடுக்கச் சட்டமே பிறந்தது. இதற்கிடையே ஆணியில்லாமலே பனியைப் பற்றும் ரயர்கள் தோன்றின. ‘ஸ்ரட்லெஸ்’ என்பதன் பொருளும் ஆணியற்றது என்பதே. பிரிட்ஜ்ஸ்ரோன் நிறுவனத்தின் ‘புளிசாக்’ 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று அப்பகுதிக் குடும்பங்கள் இரண்டு தொகுதி ரயர்களை வைத்திருந்து, பனிக்கு முன் ஒன்றைப் பூட்டி, வசந்தத்தில் மற்றதற்கு மாறுகின்றன. பனிக்காலத்தில் விலைப்பட்ட கார் பனிக்கால ரயரோடேயே கப்பலேறிவிடுகின்றது.

அந்த ரயரின் இறப்பரை எவ்வாறு செய்திருக்கின்றனர் என்பதை மாணவ நேயர்கள் கருத்தூன்றிக் கவனிப்பது நன்று. இறப்பர் பிறவியிலேயே வெப்பத்துக்கும் குளிருக்கும் இடையில் அல்லலுறும் பொருள். 1830களில் அமெரிக்காவில் விற்ற இறப்பர் அங்கிகளும் காலணிகளும் கோடையில் இளகிப் பிசுபிசுத்தன. மாரியில் மரக்கட்டையாய் விறைத்தன. சாள்ஸ் குட்இயர் என்பார் 1839ஆம் ஆண்டில், கந்தகம் கலந்து சூடாக்கினால் அக்குறை பெரும்பாலும் நீங்குவதைக் கண்டார். பெரும்பாலும் என்றோமேயன்றி முற்றாக என்று சொன்னோமில்லை. 1986ஆம் ஆண்டு சனவரியில் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியதற்குக் காரணம், அன்றைய கடுங்குளிரில் ஓர் இறப்பர் வளையம் தன் நெகிழ்ச்சியை இழந்தமையே. பௌதிக அறிஞர் ஃபெயின்மன் அவ்வளைய இறப்பரின் துண்டொன்றைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, விசாரணைக் குழுவின் முன் இதனை மெய்ப்பித்துக் காட்டினார்.

சாதாரண ரயரின் இறப்பரும் ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே வரவர விறைத்து, வீதியைப் பற்றும் வலு குன்றுகின்றது. ஆகவே குளிர்கால ரயருக்கு, உறைநிலைக்குக் கீழும் மென்மை மாறாத கலவையைச் சேர்க்கின்றனர். அதன் மேற்பட்டியிலுள்ள கட்டங்கள் ஒவ்வொன்றிலும் கத்தியாற் கீறியது போன்ற நுண்ணிய பிளவுகள் பலவற்றை இடுகின்றனர். பனிக்கட்டியின் மேல் அப்பிளவுகளின் விளிம்புகள் நகம் போலப் பற்றும். மேலே படிந்த நீர்ப்படலத்தையும் உறிஞ்சும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

இனி அதனை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு நாடா போலக் கிடக்கும் காத்தான்குடியில், மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரை நண்பகலில் தார் வீதியின் மேற்பரப்பு 50 பாகையையும் தாண்டும். ஏற்கெனவே மென்மையான இறப்பர் அங்கு மேலும் இளகுகின்றது. பிளவுபட்ட கட்டங்கள் புத்தகத் தாள்கள் போல வளைகின்றன. சாரதி சுக்கானைத் திருப்பினால், முதலிற் கட்டங்கள் வளைந்து, பிறகே கார் திரும்புகின்றது. வாவியில் தோணி செலுத்தியோருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. துடுப்பைச் சாய்த்த கணத்துக்கும் அணியம் திரும்பும் கணத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்குமன்றோ, அதுதான். தோணிக்கு அது இயல்பு. எதிரே பேருந்து வரும் வீதியிற் காருக்கு அது ஆகாது. மேற்பட்டி விரைவில் தேய்வதும் இம்மென்மையின் விளைவே.

பிறேக் பிடிக்கும்போதுதான் குறை பெரிதாக வெளிப்படுகின்றது. சூடான உலர்ந்த வீதியிற் குளிர்கால ரயர் நிற்பதற்குக் கூடிய தூரம் வேண்டும். இதனை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் பிறேக் பிடித்ததும் 20 மீற்றரில் நிற்பதாகக் கொள்வோம்; பிடிப்புக் குறைந்த ரயருடன் அதே கார் 24 மீற்றரில் நிற்கட்டும். நான்கு மீற்றர்தானே என்று தோன்றும். முதற் கார் அசையாது நிற்கும் அதே இடத்தை, இரண்டாவது கார் மணிக்கு ஏறக்குறைய 24 கிலோமீற்றர் வேகத்திற் கடக்கின்றது! வேகம் தூரத்தோடு சீராகக் குறைவதில்லை. கடைசி மீற்றர்களிலேதான் அதிற் பெரும்பகுதி அடங்குகின்றது. பாடசாலை வாசலில் வீதியைக் கடக்கும் பிள்ளைக்கு அந்த நான்கு மீற்றர் எத்தகையது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.

மழைக்கு நல்லது என்ற நம்பிக்கையிற் பாதி உண்மை உண்டு. ஆழமான வெட்டுகள் நீரை வெளியேற்றும். வெள்ளத்தின் மேல் ரயர் மிதந்து வழுக்குவதை அவை தாமதப்படுத்தும். ஆனால் நீரை அகற்றிய பின் வீதியைப் பற்றவேண்டியது இறப்பர். நமது வாடைக்காற்று மழை குளிர்ந்த மழையன்று. இருபத்தைந்து பாகை வெப்பத்திற் பெய்யும் மழை. அந்த ஈரத்திற் குளிர்கால இறப்பரின் பிடி, நல்ல சாதாரண ரயரின் பிடிக்குப் பின்தங்கியே நிற்கும். யப்பானிலும் ஈர வீதியில் இவ்வகை ரயரோடு அவதானமாக ஓட்டுமாறே அறிவுறுத்துகின்றனர்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பணமில்லையென்று இரண்டை மட்டும் வாங்கிப் பின்சக்கரங்களிற் பூட்டும் வழக்கம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரயர் விலை ஏறியபோது அவ்வாறு செய்தோரை நாம் குறை சொல்லமாட்டோம். எனினும் முன்சக்கரம் பற்றி நிற்க, பின்சக்கரம் வழுகினால், வளைவில் வாகனத்தின் வாற்புறம் வெளியே வீசப்படும். காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதிவரை நேர்வீதியில் நிதானமாகச் செல்வோர் இதனை ஒருபோதும் உணரார். கண்டிக்குப் போகும் வழியில் மகியங்கனைக்கு அப்பாலுள்ள பதினெட்டு வளைவுகளில், பிள்ளைகுட்டிகளோடு நிறைந்த வானில், மழையிரவில் உணர நேர்ந்தால் என் செய்வது? நுவரெலியாவுக்காயினும் உதவுமே என்பாரும் உளர். அங்கும் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. சில விடியற் காலைகளிற் புல்லின் மேல் உறைபனி படிவதற்காகப் பனி ரயர் வேண்டியதில்லை.

அடையாளம் காண்பது எளிது. பக்கச் சுவரில் ‘ஸ்ரட்லெஸ்’ என்ற சொல்லோ, மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னமோ இருக்கும். ‘எம்’, ‘எஸ்’ என்னும் இரண்டெழுத்து மட்டும் இருந்தால் அதைக் கொண்டு முடிவு செய்தலாகாது. எல்லாப் பருவத்துக்கும் உரிய சில ரயர்களிலும் அது உண்டு. மேற்பட்டியிற் கத்திக்கீறல்கள் நெருக்கமாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்க. அருகிலுள்ள நான்கு இலக்கத்தையும் படிக்கவேண்டும்: 3516 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்திற் செய்தது. ஆண்டுகள் சென்ற இறப்பர் இறுகிவிடும். வெட்டு மட்டும் ஆழமாக நின்று கண்ணை ஏமாற்றும்.

ஏற்கெனவே பூட்டியிருப்போர் உடனே மாற்ற வசதியில்லாவிடின், முன்னே செல்லும் வாகனத்துக்கு வழக்கத்திலும் கூடிய இடைவெளி விட்டு, வளைவுகளில் வேகம் தணித்து, நெடும்பயணத்தைத் தவிர்த்து ஓட்டுக. காற்றழுத்தம் குறைந்தால் மிதப்பு மேலும் கூடும். ஆதலின் வாரமொருமுறை அதனைப் பார்ப்பித்துக்கொள்க. மாற்றும்போது நான்கையும் ஒரே வகையில் மாற்றுக. கழற்றியவற்றை இன்னொரு காருக்கு விற்காது, நடைவேகத்தில் உருளும் தள்ளுவண்டிக்குக் கொடுத்துவிடலாம்.