மீன்பாடி வண்டிக்கும் மந்திரிப்பு உண்டா?

ஆண்டுதோறும் பங்குத் திருவிழாவின்போது ஆலய முற்றத்தில் வாகனங்களை மந்திரிப்பது நம் வழக்கம். மகிழுந்துகளும் வேன்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் மாலை சூடி வரிசையில் நிற்கும். ஒரு முறை தீர்த்தச் செம்புடன் அவ்வரிசையைக் கடந்து முடித்தபோது, மதிற்சுவரோரம் ஒருவர் தயங்கி நிற்பதைக் கண்டேன். அவர் கையில் இருந்தது மீன்பாடி வண்டி. முன்னே இரு சக்கரங்கள், அவற்றின்மேல் சரக்கு ஏற்றும் பலகை. பின்னே ஒரு சக்கரம், அதன்மேல் ஓட்டுபவரின் இருக்கை. "இதுக்கும் தெளிப்பீங்களா சாமி?" என்று கேட்டார். தெளித்தேன். ஆனால் "இதுக்கும்" என்ற அச்சொல் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. தம் வண்டி வரிசையில் நிற்கத் தகாதது என்று அவருக்குக் கற்பித்தவர் யார்? வேறு யாருமல்லர், நாம்தாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஷிப்ட் மாறும் வேளையில் நின்று பாருங்கள். இரும்பு உருக்கும் ஆலைகளிலிருந்து வெளிவரும் தொழிலாளர்களில் பலர் மிதிவண்டியில்தான் போகின்றனர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் உண்டு. நம் ஊர்க்காரரும் உண்டு. அவர்கள் சேர வேண்டிய இடமோ தேசிய நெடுஞ்சாலை 16-க்கு அப்பால். கொல்கத்தா நோக்கி விரையும் சரக்குந்துகளின் ஓரத்தில், விளக்கில்லாத இருளில், ஒரு முழ அகலத்தில் அவர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு மிதிக்கின்றனர். அவ்வாறு மிதித்துச் சென்ற ஒருவரின் அடக்கச் சடங்கை நான் நிறைவேற்றியிருக்கிறேன். வளைந்த சக்கரத்துடன் அவர் சைக்கிள் வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "விதி" என்றனர் வந்தவர்கள். விதி அன்று, அன்பர்களே! சாலையை வரைந்தவர்களின் தாளில் அம்மனிதருக்கு ஒரு கோடு கூட இல்லை; அதுவே காரணம்.

"காலம் மாறிவிட்டது; இழுவை வண்டிக்கும் மிதிவண்டிக்கும் பரிந்து பேசுவது பிற்போக்கு" என்பர் சிலர். தமிழ்நாட்டில் 1973-இல் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டதையும் சான்று காட்டுவர். நல்ல சான்றுதான். ஆனால் அன்று ஒழிந்தது எது? மனிதன் மாட்டின் இடத்தில் பூட்டப்பட்ட நிலை. அதன் இடத்தில் அரசு தந்தது எது? மிதித்து ஓட்டும் சைக்கிள் ரிக்‌ஷா. உழைப்பை எவரும் ஒழிக்கவில்லை. உழைப்பின் இழிவை நீக்க முயன்றனர். அந்தப் பாதையில் அடுத்த அடியை எடுத்து வைக்காமல் நின்றுவிட்டதுதான் நம் குற்றம்.

மீன்பாடி வண்டியையே பாருங்கள். பெயர் சொல்வதுபோல் மீன் ஏற்றப் பிறந்து, சிமெண்டும் இரும்புக் கம்பியும் தண்ணீர்க் குடமும் சுமந்த வண்டி அது. பட்டறைத் தொழிலாளி தன் கைத்திறனால் உருவாக்கியது. பாரம் ஏற்றி மேம்பாலம் ஏற அதற்குப் பல்சக்கர மாற்று இல்லை. இறங்கும்போது நம்பத்தக்க பிரேக்கும் இல்லை. ஆகவேதான் பலர் பழைய ஸ்கூட்டர் எஞ்சினை அதில் பொருத்தினர். அது சட்டத்துக்குப் புறம்பு, ஆபத்தும்கூட. ஆயினும் அதற்குக் காரணம் பேராசை அன்று, முழங்கால் வலி. இம்மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் ஆலை அமைத்த அம்பத்தூரும் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அறிவும் இரும்பும் இத்துணை அருகிலிருந்தும் அவ்வண்டிக்கு நல்ல பிரேக் வாய்க்கவில்லை என்றால், குறைவது திறமையா, மனமா?

வழக்கத்துக்கு மாறான வண்டியைக் கண்டால் முகம் சுளிப்பது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 1933-இல் பிரான்சு நாட்டின் சார்ல் மோஷே செய்த, சாய்ந்து அமர்ந்து மிதிக்கும் வண்டியில் பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் கடந்து சாதனை படைத்தார். மறு ஆண்டே உலக மிதிவண்டிச் சங்கம், அது மிதிவண்டியே அன்று எனப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. வென்றதுதான் அதன் குற்றம்! அத்தகைய ஒரு தீர்ப்பினால் எத்தனை நல்ல வடிவங்கள் எளியவர் வாசலை எட்டாமல் போயினவோ!

மனித ஆற்றல் அற்பமானதன்று. குருவாய் இருந்த சிந்தனையாளர் இவான் இல்லிச் 1970-களில் எடுத்துக்காட்டியதுபோல், மிதிவண்டியில் செல்பவர் நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு விரைகிறார். செலவிடும் ஆற்றலோ ஐந்தில் ஒரு பங்கு. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பித்தபோது, மாறியது பயண நேரம் மட்டுமா? அவர்கள் தலை நிமிர்ந்ததை ஊரே கண்டது.

பழியை அரசின் தலையில் மட்டும் சுமத்தி நாம் கை கழுவ முடியாது. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. கும்மிடிப்பூண்டி அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கும் அத்தகைய கொள்கை வேண்டும், ஏட்டோடு நின்றுவிடாத சாலையும் வேண்டும் என்று கேட்க எத்தனை பங்குப் பேரவைகள் மனு எழுதின? இதைப் படிப்போரில் ஆலை அதிகாரிகள் உண்டு, ஒப்பந்ததாரர்கள் உண்டு. உங்கள் ஆலை வாசலுக்குள் மகிழுந்துக்கு நிழற்கூரை இருக்க, சைக்கிள் மட்டும் வெயிலில் வேலியோரம் கிடப்பது ஏன்? இரவு ஷிப்டுக்கு வருபவரின் வண்டிக்கு ஓர் ஒளிர்பட்டையும் விளக்கும் வாங்கித் தர எவ்வளவு செலவாகும்? கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியில் வரும் மாற்றுத்திறனாளிக்கு நம் ஆலயப் படிக்கட்டுகள் என்ன சொல்கின்றன? சரிவுப்பாதை இல்லாத ஆலயம் அவரிடம் "வெளியே இரு" என்றல்லவா சொல்கிறது!

எனக்கும் இதில் பங்குண்டு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோகவும் நான் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியவன். ஆகவே தீர்ப்பிடும் இருக்கையிலிருந்து இதை எழுதவில்லை. குற்றக்கூண்டில் உங்களோடு நின்றே எழுதுகிறேன்.

வரும் திருவிழாவில் வாகன மந்திரிப்பு உண்டு. இம்முறை வரிசை சைக்கிளிலிருந்து தொடங்கும். அதன்பின் மீன்பாடி வண்டி, கைச்சுழற்சி வண்டி, மகிழுந்துகள் கடைசியில். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். ஆனால் தீர்த்தம் தெளித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நானும் நீங்களும் வீடு திரும்பிவிடக் கூடாது. தெளித்த நீர் உலர்வதற்குள் அந்த வண்டிகள் நெடுஞ்சாலை ஏறிவிடும். அங்கே அவற்றுக்கு வழி இல்லையென்றால் நம் மந்திரிப்புக்கு என்ன பொருள்?