லொறிப் பத்திரமும் தோட்டத்துப் பாதையும்

மண்சரிவால் லயன்களை விட்டு வெளியேறிய சில குடும்பங்கள் கந்தப்பளைப் பக்கத்தில் குத்தகைக் காணியில் கரட்டும் லீக்ஸும் பயிரிட்டு, கூட்டாக ஒரு பழைய லொறியை வாங்கின. வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதி முடிந்ததால் அந்த லொறி பதினொரு நாட்கள் ஓடாமல் நின்றது. பிடுங்கிய லீக்ஸ் சாக்கிலேயே அழுகியது.

வருடாந்தக் கட்டணத்தைப் பற்றி எமக்கு அதிக முறைப்பாடு இல்லை. அதற்கு முந்திய படிகளே எமது மக்களைக் களைக்கச் செய்கின்றன. காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், சுமை லொறியானால் தகுதிச் சான்றிதழ் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் பத்திரம் கிடையாது. மேற்சொன்ன லொறி புகைப் பரிசோதனையில் தேறவில்லை. டீசல் பம்பைத் திருத்தி மீண்டும் போகையில் காப்புறுதி முடிந்திருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருவரின் நாட்கூலி போயிற்று.

நன்மையையும் சொல்ல வேண்டும். ஒரு மாகாணத்தில் பெற்ற பத்திரம் நாடு முழுவதும் செல்லும். தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ போக இன்னொரு கட்டணம் இல்லை. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி எமது உறவினர் பலர் போய்க் குடியேறிய இந்தியாவிலே, பல மாநிலங்களுக்குச் சரக்கேற்றும் லொறிகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே கட்ட வேண்டியிருந்தது. 2010இல்தான் தேசிய அனுமதிக்கு ஒரே வருடாந்தக் கட்டணம் வந்தது.

ஆயினும் எமது பணம் எங்கே போகிறது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தப்படி வாகன அனுமதிக் கட்டணம் மாகாண சபையின் வருமானம். மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் நிருவாகம் ஆளுநரின் கைக்குப் போனது. கணக்குக் கேட்க நாம் தெரிந்தெடுத்த உறுப்பினர் எவருமில்லை. தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடவும் அதே 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை தடை இருந்தது. தார் வீதியில் ஓடும் லொறிக்கும், குழி விழுந்த தோட்டப் பாதையில் ஸ்பிரிங் உடைக்கும் லொறிக்கும் கட்டணம் ஒன்றே!

வருடத்தில் ஒரு நாளாவது புகைப் பரிசோதனையும் பத்திரமும் ஒரே இடத்தில் கிடைக்கும் நடமாடும் சேவையைத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்களுடன் தோட்டப் பகுதிகளில் நடத்த வேண்டும். தோட்டப் பாதைகளுக்கு இந்த வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். இவ்விரண்டையும் கேட்டு ஒவ்வொரு கிராமச் சங்கமும் பிரதேச செயலாளருக்கும் ஆளுநருக்கும் கடிதம் எழுதட்டும். அதுவரை, பத்திரம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே லொறியைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். காப்புறுதி முடியும் திகதியையும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.